கார்பன் ஃபைபர் கால் பிரேஸ்: பத்து மாதம் போட்டு நடந்த பிறகு

முதலில் நான் குறை சொன்னது என் பைக்கை. இடது கால் நுனியை லிவருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினால் கியர் பாதி வழியில் நின்றுவிடும். மெக்கானிக் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணுமில்ல சார்" என்றார். அப்புறம் இடது செருப்பு மட்டும் நடக்கும்போது கழன்று பின்னால் தங்கிவிடும். தரையில் பாதம் வைத்தால் 'பொத்'தென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை வைத்தே நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று என் மனைவி சொல்லிவிடுவாள்.

பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்குவது முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி முன்புறம் ஓடும் சதை. எனக்கு அதுதான் வலியே இல்லாமல் செயலிழந்துகொண்டிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் டிஸ்க் விலகல் என்றார். ஆறு மாதம் அதில் போயிற்று. மரத்துப்போகவில்லை, எரியவில்லை, தொட்டால் நன்றாகத் தெரிகிறது, பலம் மட்டும் இல்லை. இதற்கு மேல் ராத்திரியில் ஆடுசதையில் குரக்களி, தொடையில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிப்பு. கடைசியில் சதையில் ஊசி குத்தி நரம்பின் நிலையைப் பார்க்கும் இஎம்ஜி சோதனை எடுத்தபோது, நான் நன்றாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்த வலது காலிலும் கைகளிலும்கூட நரம்பு கெட ஆரம்பித்திருந்தது. ஏஎல்எஸ் என்றார்கள். சதையை இயக்கும் நரம்பு செல்கள் சாகும், தொடு உணர்வு அப்படியே இருக்கும்.

இந்த நோயை அளக்க 48 புள்ளிக் கணக்கு ஒன்று உண்டு. பேச்சு, விழுங்குதல், எழுத்து, நடை, மாடிப்படி, மூச்சு என்று 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4 புள்ளி. குறையே இல்லாவிட்டால் 48. தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் இந்தப் பிரேஸ் வாங்கியபோது எனக்கு 43. இந்த விமர்சனத்தை மாதக் கணக்கில் சொல்வதைவிடப் புள்ளிக் கணக்கில் சொல்வதுதான் நியாயம். ஒருவருக்கு வேகமாகக் குறையும், ஒருவருக்கு மெதுவாக.

முதலில் போட்டது பிளாஸ்டிக் பிரேஸ். காலுக்கு அச்செடுத்துச் செய்தது. பாதத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும், அது சரி. ஆனால் உள்ளே வியர்த்து வழியும், கணுக்கால் மடங்கவே மடங்காது, நாற்காலியிலிருந்து எழுவதே ஒரு வேலை. மூன்று வாரத்தில் கார்பன் ஃபைபருக்கு மாறினேன்.

மாறிய அன்று வீட்டுக்குள் வேண்டுமென்றே பத்துத் தடவை நடந்தேன். 'பொத்' சத்தம் இல்லை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. முன்னங்காலில் ஒரு தகடு, ஷூவுக்குள் ஒரு தகடு, நடுவில் பக்கவாட்டில் ஒரு தண்டு. குதிகாலை ஊன்றி உடம்பை முன்னே கொண்டுபோகும்போது அது வில்போல வளைந்து, கால் எடுக்கும் நேரத்தில் லேசாகத் தள்ளிவிடும். முழங்காலை அநியாயத்துக்கு உயர்த்தி நடந்த நடை போயிற்று. இடுப்பு வலியும் குறைந்தது. தெருமுனைவரை போனால் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தவன், போய்த் திரும்பினேன். இதற்கு முழு மதிப்பெண்.

ஷூ விஷயத்தை விற்றவர் சொல்லவில்லை. பிரேஸ் போகிற ஷூ ஒரு சைஸ் பெரிதாக வேண்டும், உள்ளிருக்கும் இன்சோலைக் கழற்றித் தகட்டின் மேல் போட வேண்டும். மதியத்துக்கு மேல் கால் வீங்கினால் முன்தகடு அழுத்தும். பிளாஸ்டிக்கைச் சூடாக்கி நெளித்துச் சரிசெய்யலாம், இதை முடியாது. இன்னொன்று, ஏஎல்எஸ்ஸில் தளர்ச்சியோடு விறைப்பும் சேர்ந்து வரலாம். பாதத்தை ஊன்றியதும் தடதடவென்று தானாக ஆடுகிற அளவு விறைப்பு இருந்தால், இந்த மாடலை வாங்குமுன் பிசியோதெரபிஸ்ட்டிடம் போட்டு நடந்து காட்டுங்கள்.

என் பெரிய புகார் பிரேஸைக் காலோடு கட்டும் பட்டையின்மேல். 39 புள்ளிக்கு வந்தபோது பிரேஸ் நன்றாகத்தான் இருந்தது, கைதான் இல்லை. நகவெட்டியை அழுத்த முடியவில்லை, பூட்டில் சாவி திரும்பவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருந்த மேடு குழிந்துபோய், சுண்டுவிரல் பக்கச் சதை மட்டும் பழையபடி இருந்தது. ஏஎல்எஸ்ஸின் அடையாளமே இந்தப் பாதிக் கைதானாம். அந்தக் கையால் வெல்க்ரோ பட்டையின் நுனியைக் கிள்ளிப் பிடித்து இழுக்கச் சொன்னால் எப்படி? காலுக்கான பொருளைச் செய்தவர்கள் கையை யோசிக்கவில்லை. என் மனைவி பழைய பையின் வாரை வெட்டி, பட்டை நுனியில் ஒரு வளையம் தைத்துக் கொடுத்தாள். நடுவிரலை நுழைத்து இழுத்தால் போதும். இன்னும் மூன்று மாதம் நானே மாட்டிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் உழைக்கும் என்றார் விற்றவர். பெருமையாகத்தான் சொன்னார், பாவம். இந்த நோயில் பெரும்பாலோருக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 ஆண்டுதான் கணக்கு. ஸ்டீபன் ஹாக்கிங் 1963-இல் தெரிந்து 2018 வரை இருந்தாரே என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், அவர் விதிவிலக்கு. நான் சாப்பிடும் ரிலுசோல் மாத்திரையும் சில மாதம் தள்ளிப்போடும், அவ்வளவே. ஆகவே எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்காதீர்கள். இரவலாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால், முதல் தடுக்கலிலேயே வாங்கிப் போடுங்கள். 'இன்னும் மோசமாகட்டும், பார்க்கலாம்' என்று நான் தள்ளிப்போட்ட இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்தேன். ஒருமுறை முன்பல் உடைந்தது.

34 புள்ளிக்கு வந்தபோது முழங்கால் தானாக மடங்க ஆரம்பித்தது. வலது பாதமும் தொங்கியது. பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிரேஸ், தொடை விட்டுப்போனால் என்ன செய்யும்? அதன்மேல் குறையில்லை. இப்போது சக்கர நாற்காலி வந்து மூன்று வாரம். மல்லாந்து படுத்தால் மூச்சு சற்றுத் திணறுகிறது, மூச்சுக் கருவிக்கு அளவு எடுத்திருக்கிறார்கள். இதை வலது கையின் ஒரு விரலால் தட்டுகிறேன்.

பிரேஸை இன்னும் தூக்கிப் போடவில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது நிற்கிற அந்தப் பத்து நொடிக்கு அதைத்தான் மாட்டுகிறோம். மாட்டுவது என் மனைவி. அவளுக்கு அந்த வளையம் தேவையில்லை, ஆனாலும் அதில் விரல் விட்டுத்தான் இழுக்கிறாள்.