வீடு விற்கிறீர்களா? விலைக்கு முன்னால் கெடுவைப் பேசுங்கள்

திருச்சி உறையூரில் அப்பா கட்டிய வீட்டை விற்கப் போய், நானும் அக்காவும் பதினாறு மாதம் மாட்டிக்கொண்டு நின்றோம். கையை விட்டுப் போனது ஆறு லட்சம். இப்படி மாட்டிவைக்கும் ஆட்கள் இன்னும் சுற்றுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2022 ஜூனில் ஒரு தரகர் வாங்குபவரைக் கூட்டிவந்தார். நாங்கள் சொன்னது 65 லட்சம், அவர் கேட்டது 60. இரண்டு வாரம் இழுத்து 62-க்கு முடிந்தது. அட்வான்ஸ் ஐந்து லட்சம், வங்கிக் கணக்கிலேயே வந்தது. கிரயம் எப்போது என்று கேட்டதற்கு, வாங்குபவர், "மூணே மாசம் சார். லோனுக்குச் சொல்லியாச்சு, வந்ததும் முடிச்சுடலாம்" என்றார்.

பத்திரம் எழுதுபவர் அடித்துக் கொண்டுவந்த அக்ரிமென்டில் பதினொரு மாதம் என்று இருந்தது. கேட்டேன். தரகர் சிரித்துக்கொண்டே, "எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுறது. அதுக்குள்ள எப்ப வேணாலும் முடிச்சுக்கலாம்ல?" என்றார். விலையில் ஒரு லட்சத்துக்கு மல்லுக்கட்டிய நான், எட்டு மாதத்தை இரண்டே நிமிடத்தில் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அக்ரிமென்டில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. இன்று அவை எனக்கு மனப்பாடம். "தங்களுக்கோ அல்லது தாங்கள் காட்டும் நபர்களுக்கோ கிரயம் செய்து கொடுக்கக் கடமைப்பட்டுள்ளேன்" என்பது ஒன்று. "ஆவணங்களில் குறை ஏதுமிருப்பின் எழுதிக் கொடுப்பவர் தம் சொந்தச் செலவில் நிவர்த்தி செய்து தர வேண்டியது" என்பது மற்றொன்று. என்ன குறை, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள் தீர்க்க வேண்டும் என்று ஒன்றும் கிடையாது. அவர் வாய் நிறையச் சொன்ன லோனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

பட்டா அப்போது அப்பா பெயரிலேயே இருந்தது. ஆகஸ்டில் வாங்குபவர் அதைப் பிடித்துக்கொண்டார். "பட்டா மாறாம பேங்க்ல நகர மாட்டேங்குது" என்றார். விண்ணப்பித்து, அலைந்து, அக்டோபரில் வாங்கிக் கொடுத்தோம். அடுத்து வாரிசுச் சான்றிதழின் சான்றிட்ட நகல் கேட்டார். அதற்கடுத்து வீட்டு வரைபட அனுமதி. ஒரு காகிதம் கொடுத்தால் மூன்று வாரம் கழித்து அடுத்த காகிதம் கேட்பார். எந்த வங்கி, எந்தக் கிளை என்று நான் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இதற்கிடையில், மூன்று மாதத்தில் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அக்கா கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட்டுக்கு இரண்டு லட்சம் கொடுத்திருந்தாள். சொன்ன தேதியில் மீதியைக் கட்ட முடியவில்லை. அந்தப் பணம் திரும்பவில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் ஒரு கணவன் மனைவி. "வீடு பார்க்க வந்தோம்ணே, 74 சொல்றாங்க, கொஞ்சம் கொறைப்பீங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணின் கையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு. முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிவைத்த சர்வே எண். அவர் போடும் ஏழு, நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. லீகல் பார்க்க வேண்டும் என்று எங்களிடம் வாங்கிப்போன மூலப்பத்திரத்தின் நகல்தான் அது. வாங்குவதாகச் சொன்னவர் லோனுக்கு அலையவே இல்லை. ஐந்து லட்சத்தைப் போட்டு எங்கள் வீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, பன்னிரண்டு லட்சம் கூட வைத்து ஆள் தேடிக்கொண்டிருந்தார். "தாங்கள் காட்டும் நபர்களுக்கோ" என்ற வரி எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே வக்கீலிடம் ஓடினேன். அவர் சொன்னதைக் கேட்டு அக்கா அழுதுவிட்டாள். வீடு, மனை விற்பனையில் கெடு தாண்டினாலே ஒப்பந்தம் செத்துப்போவதில்லை. கெடுவுக்குள் முடிப்பதே ஒப்பந்தத்தின் சாரம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், அப்படி எழுதினாலும் நடந்ததை எல்லாம் கோர்ட் பார்க்கும். கெடு முடிந்ததிலிருந்து மூன்று வருடம் வரை வாங்குபவர் 'கிரயம் செய்து கொடு' என்று வழக்குப் போடலாம். பணத்தோடு தயாராக இருந்தேன் என்று நிரூபித்துவிட்டால், 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கோர்ட் அதை எளிதில் மறுக்க முடியாது. வழக்கு நடக்கும்போது வேறு யாருக்காவது விற்றால், வாங்கியவரையும் தீர்ப்பு கட்டும். போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். எங்களுடையதும் பதிவானதுதான். ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டுப் பார்க்கும் எவருக்கும் அது முதல் வரியிலேயே தெரியும்.

2023 ஏப்ரலில் கைடுலைன் மதிப்பு (பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பு) ஏறியதும், பத்திரச் செலவு கூடிவிட்டது, விலையில் ஒன்றரை லட்சம் குறையுங்கள் என்று அந்த ஆள் வந்தார். அதே நாளில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆனதை அவர் சொல்லவில்லை. மே மாதம் கெடு முடிந்தது, நோட்டீஸ் விட்டோம். பதில் நோட்டீஸில், பட்டா தாமதமானதால்தான் கிரயம் நின்றது, நான் எப்போதும் தயார் என்று எழுதியிருந்தார். தேதி போடாத அந்த ஷரத்து அவருக்கு அங்கே கைகொடுத்தது.

பத்திர ஆபீஸில் கேட்டோம். ரத்துப் பத்திரத்தில் இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்துக்கு அவர் கேட்ட விலை, அட்வான்ஸைத் திருப்பித் தருவது போக பத்து லட்சம். பேசிப் பேசி நான்கு லட்சத்தில் நின்றது. 2023 அக்டோபரில் கொடுத்து முடித்தோம். கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அவளை வருடக்கணக்கில் படியேற வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்தவரிடம் விலையைப் பற்றிப் பேசும் முன்பே கெடுவைப் பேசினேன். தொண்ணூறு நாள், அதுவே ஒப்பந்தத்தின் சாரம் என்று எழுதினோம். முப்பது நாளுக்குள் லோன் அனுமதியானதற்கான வங்கியின் சாங்ஷன் கடிதத்தைக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்போம், அன்றே இருவரும் போய் ரத்தும் பதிவு செய்வோம். உண்மையாக லோன் கிடைக்காதவர் பணம் இழக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொடுத்த ஆவணங்களை ஒவ்வொன்றாக எழுதி, குறை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று போட்டோம். 'தாங்கள் காட்டும் நபர்கள்' என்பதை அடித்துவிட்டு, மனைவி பெயரும் சேர வேண்டும் என்று அவர் கேட்டதால் அந்தப் பெயரையே எழுதினோம். பத்திரம் எழுதுபவர் முகம் சுளித்தார். வாங்கியவர் மறுபேச்சு பேசவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் அட்வான்ஸிலிருந்தே 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் பெயரில் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டும். முதல் ஆள் கட்டவே இல்லை. என் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை நான் அப்போது திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாமவர் கட்டியது சில வாரத்தில் அதில் ஏறியிருந்தது. எழுபத்தோராம் நாள் கிரயம் முடிந்தது.

ரத்து பதிவான பிறகும் ஈசியில் பழைய ஒப்பந்தம், ரத்து இரண்டுமே நிற்கும். வாங்குபவரின் வங்கி அதைக் கேட்டது. ரத்துப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கையோடு வைத்திருந்ததால் அன்றைக்கே கொடுக்க முடிந்தது.