முன்சக்கர ஹப் மாற்றியாச்சு: எஸ்கேஎஃப் கிட் எப்படி?

என் காரின் முன் இடது சக்கரத்துக்கு பேரிங் கம்பெனியான எஸ்கேஎஃப்பின் ஹப் கிட் போட்டிருக்கிறேன். ஹப் என்றால் சக்கரமும் பிரேக் டிஸ்கும் மாட்டும் நடுப்பாகம், அது சுழல்வது உள்ளே இருக்கும் பேரிங்கில். ஊளைச் சத்தம் போய்விட்டது, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது, பிரேக் பெடலில் இருந்த நடுக்கமும் இல்லை. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் நல்ல கம்பெனி ஹப்பே தப்பான எண்ணில் வந்தால் இரும்புக் கடைக்குத்தான் போகும். அதனால் பொருளைவிட அதைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் சத்தம். பேரிங் போனாலும் கத்தும், ஏறுமாறாகத் தேய்ந்த டயரும் அதே மாதிரி கத்தும். நாலு டயரையும் மாற்றிவிட்டு அதே சத்தத்தோடு வீட்டுக்குத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வண்டி வலது பக்கம் வளையும்போது எடை இடது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது சத்தம் கூடி, இடது பக்கம் வளையும்போது அடங்கினால் சந்தேகம் இடது பேரிங் மேல்தான். என் வண்டி அப்படித்தான் செய்தது. உறுதிப்படுத்த ஜாக்கில் தூக்கி, ஒரு கையைச் சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். நல்ல பேரிங் என்றால் சுருளில் ஒன்றுமே தெரியாது. இதில் மணல் அரைபடுவது போல விரலுக்கு எட்டியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தபோது ஆட்டம் எதுவும் இல்லை. ஆட்டம் வரட்டும் என்று காத்திருந்தால் ரொம்பத் தாமதமாகிவிடும்.

கழற்றிய ஹப் எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் மாட்டியது. பெயர் தெரியாத பெட்டிச் சரக்கு. ஆனால் அதைப் பார்த்துத்தான் எதை வாங்கக் கூடாது என்பது விளங்கியது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் உள்பக்க சீலின் உதடு ஒரு இடத்தில் கிழிந்திருந்தது. கிரீஸ் தண்ணீர் கலந்து பழுப்புக் கூழாகிவிட்டது. பேரிங் சாவதற்கு இரும்பு மட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சீல் மட்டமாக இருந்தால் போதும்.

அப்புறம் அந்த ஏபிஎஸ் விளக்கு. இந்த வகை ஹப்பில் பல்சக்கரம் கிடையாது. சீலின் மேல் கறுப்பாக, ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதற்குள் வட, தென் துருவங்கள் மாறி மாறிப் பதிந்திருக்கும், சென்சார் அவற்றை எண்ணித்தான் சக்கர வேகத்தைச் சொல்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காந்தக் கோடுகளைக் காட்டும் அட்டை ஒன்று இருக்கிறது, அதை வளையத்தின் மேல் வைத்தால் கோடுகள் வரிசையாகத் தெரியும். பழையதில் ஒரு பக்கம் கோடுகள் கலங்கிப்போயிருந்தன. புதியதில் சுற்றிலும் ஒரே சீர். சென்சாரைக் குறை சொல்லி அதை மாற்றியிருந்தால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். காந்த முனை உள்ள ஸ்க்ரூடிரைவரை இந்த வளையத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பெடல் நடுக்கத்துக்குக் காரணம் ஹப்பின் ஃபிளாஞ்ச். டிஸ்க் உட்காரும் முகம் அது. அதில் இம்மியளவு கோணல் இருந்தாலும் டிஸ்கின் ஓரத்தில் அது பெரிதாகிவிடும். ஓரம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசி உரசி, நாளடைவில் டிஸ்கின் கனம் இடத்துக்கு இடம் மாறிவிடும். எல்லோரும் டிஸ்கைத் திட்டிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டு ஓடுவார்கள். நுண்ணிய கோணலை முள் அசைவில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பல கார்களில் 0.05 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரத்தில்தான் அனுமதி. பழையது அதைத் தாராளமாகத் தாண்டியது. எஸ்கேஎஃப் ஃபிளாஞ்சில் முள் அசைந்ததா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

இனி, எந்த எண் என்ற கேள்வி. கார் மாடலும் வருடமும் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒரே மாடலில் ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது, பெரிய டிஸ்க், சின்ன டிஸ்க் என்று ஹப் மாறும். ஆக்சில் நுழையும் துளையின் உள்ளே இருக்கும் ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை மாறும். சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட்கள் அமைந்த வட்டம் 5×112 (ஐந்து ஸ்டட், 112 மில்லிமீட்டர் விட்டம்) என்பதும் 5×114.3 என்பதும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், சக்கரம் மாட்டும்போதுதான் அந்த 2.3 மில்லிமீட்டர் உறைக்கும். ஸ்டட் மரையின் இடைவெளியும் (பிட்ச்) 1.25, 1.5 மில்லிமீட்டர் என்று மாறும். எனக்குக் கடைக்காரர் முதலில் நீட்டியது "இந்த மாடலுக்கு எல்லாத்துக்கும் பொருந்தும் சார்" வகை. வேண்டாம் என்று சொல்லி, சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அதில் கிடைத்த அசல் பாக எண்ணுக்கு இணையான கிட்டைத்தான் கேட்டு வாங்கினேன்.

என் வண்டியில் இருப்பது மூன்றாம் தலைமுறை ஹப், அதாவது பேரிங்கும் ஃபிளாஞ்சும் ஒரே உருப்படி, நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகம்) போல்ட் போட்டால் முடிந்தது. விலை கூடுதல், ஆனால் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் தேவையில்லை. பேரிங் தனி, ஹப் தனி என்று இருக்கும் முதல் தலைமுறை வகை என்றால் பேரிங்கை மட்டும் வாங்கலாம், ஹப்பில் தடம் விழாமல் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேரிங்கை அழுத்தி ஏற்றுகிறவர் கை தேர்ந்தவராக இருக்க வேண்டும். வெளி வளையத்தை ஏற்ற வேண்டிய இடத்தில் உள் வளையத்தை அழுத்தினால் புது பேரிங் மாட்டும்போதே செத்துவிடும். காந்த வளையம் சென்சாரைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிவிட்டால் சிக்னலும் வராது.

எஸ்கேஎஃப்தான் வேண்டும் என்பதில்லை. எஃப்ஏஜி, டிம்கென், என்எஸ்கே, என்டிஎன், கோயோ எல்லாம் கார் கம்பெனிகளுக்கே பேரிங் கொடுக்கிறவை, எது கைக்கு வந்தாலும் நான் மாட்டுவேன். ஆனால் இந்தப் பெயர்களில்தான் போலியும் ஓடுகிறது. எஸ்கேஎஃப் ஆத்தென்டிகேட் செயலியில் பெட்டியையும் உருப்படியையும் படம் எடுத்து அனுப்பினால் அசலா என்று பார்த்துச் சொல்வார்கள். நான் மாட்டுவதற்கு முன்பே அனுப்பிக் கேட்டுக்கொண்டேன்.

மாட்டும்போது நக்கிள் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். அங்கே துரு இருந்தால் நேரான ஹப்பும் கோணலாகத்தான் உட்காரும். கிட்டோடு வந்த புது ஆக்சில் நட்டைத்தான் போட்டோம். மெக்கானிக் பையன் தட்டித் தட்டி இறுக்கும் இம்பாக்ட் கன்னை எடுத்தான், "தம்பி, டார்க் ரெஞ்ச்" என்றேன், அளந்து இறுக்கும் அந்தக் கருவியைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கியது. பல கார்களில் இந்த நட்டுக்கு 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும், சரியான அளவு அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். நட்டு முழுதாக இறுகும் முன் வண்டியின் எடையைச் சக்கரத்தின் மேல் இறக்கினால் பேரிங் பாதையில் பள்ளம் விழ வாய்ப்புண்டு.

ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் மாற்ற வேண்டும் என்பார்கள். பிரேக் பேடுக்குச் சரி, ஹப்புக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. என் வலது பக்க ஹப் அமைதியாகச் சுற்றுகிறது, அதை நான் தொடவில்லை.