எந்த இறப்பு விகிதத்தை நம்புவது?

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்து நகராட்சிகளின் சுகாதார அதிகாரிகள் எழுதிய ஆண்டறிக்கைகளைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவது ஆயிரம் பேருக்கு இத்தனை இறப்பு என்ற எண்தான். நானும் தொடக்கத்தில் அதையே குறித்துவைத்தேன். இப்போது வயதுக்கேற்பத் திருத்திய விகிதம், அதாவது எல்லா ஊர்களிலும் முதியோரும் இளையோரும் ஒரே அளவில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்ட இறப்பு விகிதம், கிடைக்காமல் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிடுவதில்லை.

அப்படித் திருத்தாத சாதாரண விகிதம் ஒரே ஊரின் அடுத்தடுத்த ஆண்டுகளைப் பார்க்க உதவும், அவ்வளவே. ஒரு வயது நிறையுமுன் இறக்கும் குழந்தைகளை எண்ணும் சிசு மரண விகிதம் அதைவிடக் கூர்மையானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1920இல் ஆயிரம் பிறப்புக்கு 80 ஆக இருந்த அது, 1930இல் 60 ஆனது. ஆனால் ஆண்டுக்கு 500 குழந்தைகள் பிறக்கும் சிற்றூரில் ஐந்து குழந்தைகள் கூடுதலாக இறந்தாலே விகிதம் பத்து ஏறிவிடும். காசநோயில் மாண்ட பெரியவர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

வயதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போடுகிறது. ஓய்வுபெற்றோர் வந்து குடியேறும் கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில் முதியோர் அதிகம். அதனாலேயே அங்கே சாவு அதிகமாகத் தெரியும். இளம் குடும்பங்கள் நிறைந்த தொழில் நகரம், சுகாதாரம் மோசமாக இருந்தும் நல்ல பெயர் வாங்கிவிடும்.

வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரின் கணக்கைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகமே இல்லை. 1927இல் அங்கே ஒரு சேரியை இடித்து, 152 குடும்பங்களை, அதாவது 710 பேரை, குளியலறையோடு கட்டிய மவுண்ட் பிளசண்ட் வீடுகளுக்கு மாற்றினார்கள். சுகாதார அதிகாரி மெகோனிகல் வயதைத் திருத்தி, இடமாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஐந்தைந்து ஆண்டுகளின் சராசரி எடுத்தார். பழைய சேரியில் ஆயிரம் பேருக்கு 22.91 ஆக இருந்த இறப்பு விகிதம் புது வீடுகளில் 33.55 ஆகியிருந்தது. அதே ஊரில் இடிக்கப்படாத இன்னொரு சேரியான ஆற்றோரப் பகுதியிலேயே தங்கிவிட்டவர்களுக்கோ 26.10இலிருந்து 22.78க்கு இறங்கியிருந்தது. வீடு மாறியவர்களுக்கு வாடகை ஏறத்தாழ இரட்டித்து, சாப்பாட்டுக்கு மிஞ்சிய காசு சுருங்கியதே காரணம் என்றார் அவர். வயதைத் திருத்தாமல் விட்டிருந்தால், இரு இடத்து மக்களின் வயது வேறுபாடு என்று சொல்லி இந்த ஏற்றத்தை எவரும் எளிதாகத் தள்ளிவிட்டிருக்கலாம்.

710 பேர் சிறு கூட்டம்தான். ஆகவே புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாடகை ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்லவும் தயங்குவேன். ஆனால் ஐந்தாண்டுச் சராசரியில், அதே ஊரில், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.