டெஸ் விண்கலத் தரவு: சிவப்புக் குள்ள இரட்டைகளை அளக்க எவ்வளவு நம்பலாம்?

சூரியனைவிட நிறை மிகவும் குறைந்த சிவப்புக் குள்ள விண்மீன்களின் நிறையையும் ஆரத்தையும் அறிய, ஒன்றையொன்று மறைத்தபடி சுற்றிவரும் இரட்டைகளைவிட நம்பகமான வழி வேறில்லை. அந்த அளவீட்டின் ஒரு பாதி, நேரம் செல்லச்செல்ல ஒளி ஏறி இறங்குவதைக் காட்டும் ‘ஒளி வளைகோட்டிலிருந்து’ வருகிறது. பிற விண்மீன்களின் கோள்களைத் தேட 2018 ஏப்ரல் 18 அன்று ஏவப்பட்ட நாசாவின் டெஸ் விண்கலம், அந்த ஒளி வளைகோடுகளை இலவசமாக, யாரும் இறக்கிக்கொள்ளும் வகையில் வழங்கிவருகிறது. கோள்களைத் தேடுவோருக்கு இத்தரவு எப்படி என்பது வேறு விஷயம். குறைநிறை விண்மீன்களின் ஆரத்தை அளக்க இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டுமே இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் இதன் பலம். டெஸ்ஸின் நான்கு கேமராக்களும் 600 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான சிவப்பு ஒளியைப் பதிவுசெய்கின்றன. சிவப்புக் குள்ளர்கள் கண்ணுக்குத் தெரியும் நீல, பச்சை நிறங்களில் மிக மங்கலாகவும் இந்தப் பட்டையில் கணிசமாகப் பிரகாசமாகவும் இருப்பதால், 10.5 சென்டிமீட்டர் துளை மட்டுமே உள்ள சிறிய கேமராக்களாக இருந்தும் அவை வியக்கத்தக்க துல்லியத்தைத் தருகின்றன. வானின் ஒரு பகுதியை ஏறத்தாழ 27 நாட்கள் பெரும்பாலும் இடையறாது பார்ப்பது இன்னொரு பெரிய வசதி. தரையிலிருந்து பார்ப்பவருக்குப் பகல் குறுக்கிடும், மேகம் குறுக்கிடும். ஒரு மறைப்பின் இறங்குமுகம் ஓர் இரவிலும் ஏறுமுகம் பல வாரங்கள் கழித்தும் கிடைக்கும்.

சி.எம். டிராக்கோனிஸ் என்ற இரட்டையை எடுத்துக்கொள்வோம். சூரிய நிறையில் 0.23, 0.21 பங்கு கொண்ட இரு விண்மீன்கள் 1.27 நாட்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சுற்றுத்தளம் நமக்கு ஏறக்குறைய விளிம்பாகவே தெரிவதால் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஒளி ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. ஒரு மறைப்பு நீடிப்பது ஒன்றேகால் மணி நேரமே. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பதிவு என்ற டெஸ் தரவில் அந்த நேரத்துக்குள் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான புள்ளிகள் விழுகின்றன. இறங்கும் சரிவு, அடிமட்டம், ஏறும் சரிவு எல்லாம் கோடு இழுத்தாற்போல் தெரிகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளின் அரைமணிநேர முழுப்படங்களில் அதே மறைப்புக்கு இரண்டு மூன்று புள்ளிகளே மிஞ்சும். ஆகவே நீங்கள் தேர்ந்த இரட்டைக்கு இரண்டு நிமிடத் தரவு இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையென்றால், பதிவு நேரத்தால் ஏற்படும் மழுங்கலைக் கணக்கில் சேர்க்கும் ஜே.கே.டி.எபாப் போன்ற மென்பொருள் கட்டாயம் வேண்டும்.

இனி குறைகள். இந்தத் துறையில் விடை தேடப்படும் கேள்வியே நுண்ணியது. அளக்கப்பட்ட குறைநிறை விண்மீன்கள் பலவற்றின் ஆரம், கோட்பாட்டு மாதிரிகள் சொல்வதைவிட 5 முதல் 10 விழுக்காடு பெரிதாக இருக்கிறது. வேகமான சுழற்சி வளர்த்துவிடும் காந்தப்புலமும் அதனால் தோன்றும் கரும்புள்ளிகளும் இதற்குக் காரணமாகலாம் என்பது பரவலான கருத்து. ஐந்து விழுக்காட்டு முரணை ஆராய வந்தவர் தம் அளவீட்டில் இரண்டு விழுக்காட்டுப் பிழையைக்கூட அனுமதிக்க முடியாது. டெஸ்ஸின் இரைச்சல் அதற்கு இடம் தரும் அளவுக்குக் குறைவுதான். அதன் பிக்சல்தான் தடையாக நிற்கிறது.

ஒரு பிக்சலின் பக்கம் 21 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). டெஸ்ஸுக்கு முந்தைய கெப்ளர் விண்கலத்தில் அது 4 மட்டுமே. சி.எம். டிராக்கோனிஸிலிருந்து சுமார் 26 வில்விநாடி தொலைவில் அதன் துணையான ஒரு வெண்குள்ளன் இருக்கிறது. ஒரு பிக்சலுக்குச் சற்று அப்பால் அமர்ந்திருக்கும் அதன் ஒளியில் ஒரு பங்கு, ஒளியைக் கூட்டுவதற்காக விண்மீனைச் சுற்றி வரையும் அளவீட்டு வட்டத்துக்குள் கசியாமல் இருக்காது. மறைப்பில் பங்கில்லாத இந்த மூன்றாம் ஒளி மறைப்பின் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். அதைக் கவனிக்காத மென்பொருள் சுற்றுத்தளத்தின் சாய்வுக் கோணத்தையோ ஆரங்களின் விகிதத்தையோ மாற்றி ஈடுகட்டிவிடும். கோடு அழகாகப் பொருந்தும், விடை மட்டும் தவறாக இருக்கும். ஒய்.ஒய். ஜெமினோரம் என்ற இன்னொரு சிவப்புக் குள்ள இரட்டை இன்னும் கடினம்: கண்ணைக் கூசவைக்கும் காஸ்டர் விண்மீன் அதற்கு ஏறத்தாழ 70 வில்விநாடிக்குள் நிற்கிறது.

டெஸ்ஸின் ஒளி வளைகோட்டுக் கோப்பில் இரண்டு ஒளி அளவுகள் இருக்கும். ஒன்று நேரடிக் கூட்டல். மற்றொன்று கருவிப் பிழைகளையும் அண்டை ஒளியையும் தானியங்கியாகத் திருத்தியது. திருத்திய அளவைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்கவில்லை. அண்டை ஒளித் திருத்தம் ஒரு மதிப்பீடுதான். மேலும் அந்தத் திருத்தம் கரும்புள்ளிகளால் ஒளி மெல்ல ஏறி இறங்குவதையும் சிதைக்கக்கூடும். பிக்சல் கோப்பையே இறக்கி, அளவீட்டு வட்டத்தை நீங்களே வரைந்து, வட்டத்தைப் பெரிதாக்கும்போது மறைப்பின் ஆழம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் மூன்றாம் ஒளியையும் தெரியாத அளவாக வைத்தே பொருத்த வேண்டும்.

கரும்புள்ளிகளைப் பொறுத்தவரை நீண்ட காலத் தரவு உண்மையிலேயே கைகொடுக்கிறது. மறைக்கப்படாத பகுதியில் புள்ளி இருந்தால் மறைப்பு ஆழமாகத் தெரியும், மறைக்கப்படும் பகுதியில் இருந்தால் ஆழம் குறையும். 27 நாள் பார்வைகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துப் பொருத்தினால் கிடைக்கும் பிழை எண் நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வரும். ஒவ்வொரு 27 நாள் தரவையும் தனித்தனியாகப் பொருத்தி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையே உண்மையான பிழையாகக் கொள்வது நேர்மையான முறை.

நிறையை மட்டும் டெஸ்ஸிடம் எதிர்பார்க்காதீர்கள். அது நிறமாலை வழியே அளக்கும் ஆரத்திசைவேகத்திலிருந்துதான், அதாவது விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகத்திலிருந்துதான் வரும். நிறை அந்த வேகத்தின் மும்மடியோடு செல்வதால், வேகத்தில் ஒரு விழுக்காடு பிசகினால் நிறையில் மூன்று விழுக்காடு பிசகும். இரு விண்மீன்களின் ஒளி விகிதமும் அதே நிறமாலையில் கிடைத்துவிட்டால், பகுதி மறைப்புகளில் ஆரங்களைத் தனித்தனியே பிரிக்க முடியாத சிக்கலும் பெரும்பாலும் தீரும். நல்ல நிறமாலைகள் கைவசம் உள்ளவருக்கு டெஸ் தரவை முழு மனதோடு பரிந்துரைப்பேன். நிறமாலை இல்லாதவர் முதலில் அதற்குத் தொலைநோக்கி நேரம் தேடட்டும். டெஸ் தரவு காப்பகத்தில் பத்திரமாகக் காத்திருக்கும்.