ஹிட்சுஜி புங்காகு: ‘ஹிக்காரு தோக்கி’யா, ‘மோர் தேன் வேர்ட்ஸ்’ஸா?

குரலைக் கிட்டார் ஒலியில் அமிழ்த்தும் ராக் இசைவகையான ஷூகேஸின் இரைச்சலை ஜப்பானிய வெகுசன ராக் இசையோடு இணைத்த ஹிட்சுஜி புங்காகு குழுவின் பாடல்களில், பலரும் முதலில் சந்திப்பவை இவ்விரண்டுமே. இரண்டும் அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடத் தொடர்களுக்காக உருவானவை.

2022இல் வெளிவந்த ‘ஹிக்காரு தோக்கி’, யமதா நவோகோ இயக்கிய ‘ஹெய்கே மோனோகதாரி’ தொடரின் முகப்புப் பாடல். 1185இல் தன்னோஉரா கடற்போரில் அழிந்துபோன, ஹெய்கே என்றும் அழைக்கப்படும் தைரா குலத்தின் கதைக்கு ஒப்பாரியைத்தான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் குழுவின் பாடகி சியோட்சுகா மோயெகாவோ, முடிவு தெரிந்த பின்னும் இவ்வுலகம் அழகானது என்று எத்தனை முறையும் சொல்வேன் எனப் பாடுகிறார். பூ மலர்ந்ததற்கு அங்கே ஒரு விதை விழுந்ததே காரணம் என்ற எளிய கூற்றில் தொடங்கும் பாடல், பல்லவியை எட்டும்போது கிட்டார் ஒலி அகன்று விரிந்து குரலைச் சூழ்ந்துகொள்கிறது. அப்போதும் சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன.

2023இல் ‘ஜுஜுட்சு கைசென்’ தொடரின் ஷிபுயா கதைப்பகுதிக்கு நிறைவுப் பாடலாக வந்த ‘மோர் தேன் வேர்ட்ஸ்’, நடனத்துக்கு இசைவான சீரான தாளத்தில் நகர்வதால் புதியவரையும் உடனே ஈர்த்துவிடும். உலகெங்கும் குழுவின் பெயரைக் கொண்டு சேர்த்ததில் இதன் பங்கு பெரிது.

முதன்முறை கேட்பவருக்கு நான் பின்னதையே தருவேன். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தயக்கமின்றி ‘ஹிக்காரு தோக்கி’யையே தேர்ந்தெடுப்பேன், துயரத்தை மறைக்காமலேயே நம்பிக்கை தரும் பாடல்கள் மிக அரிது.