ஏழு ஆண்டுகளாக என் பையில் இருக்கும் ஆங்கில–ஸ்வீடிஷ் அகராதி: வாங்கலாமா?

ஸ்வீடனில் பிப்ரவரி கடைசியில் புத்தகக் கடைகளெல்லாம் ‘பூக்ரேயா’ என்னும் தள்ளுபடி விற்பனையைத் தொடங்கிவிடும். நான் வைத்திருக்கும் அதே கையடக்க ஆங்கில–ஸ்வீடிஷ் அகராதி இந்த முறை பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். கோத்தன்பர்க்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நண்பர், வாங்கட்டுமா என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

தாள், எழுத்து, சொற்களின் எண்ணிக்கை எல்லாம் கடையில் புரட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அலுவலகச் சொற்கள், சமையலறைச் சாமான்கள், உடல் உபாதைகள் ஆகியவற்றில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். என்னை ஏழு ஆண்டுகளாக வதைப்பது ஒரே ஒரு வகைச் சொற்கள்தான்: பெரியது, சிறியது, உயரம், ஓரளவு, மிக, போதும். காலையில் எழுந்தது முதல் வாயில் வருகிற சொற்கள் இவை. இவற்றைத்தான் இந்த அகராதி அக்கறையில்லாமல் அடுக்கியிருக்கிறது.

உயரத்தைக் குறிக்கும் ‘டால்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ‘லோங், ஹேக்’ என்று இரண்டு சொற்கள், நடுவில் ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான். மனிதருக்கு லோங், மலைக்கும் கட்டடத்துக்கும் ஹேக் என்று ஒரு குறிப்புப் போட அரை வரி போதும், போடவில்லை. மகனை நான்கு வயதுப் பரிசோதனைக்காகக் குழந்தைகள் நல மையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வயதுக்கு மீறி வளர்ந்திருக்கிறான் என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, இவன் மிகவும் ‘ஹேக்’ என்றேன். செவிலியர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னால் போதையில் இருக்கிறார் என்று பொருள். சுவரில் ஒட்டியிருந்த உயர அளவுகோலில் பையனின் தலைக்கு மேல் விரலை வைத்து, ‘லோங்’ என்று அவர் மெதுவாகத் திருத்தினார். அவர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். எனக்கு அந்தக் காற்புள்ளியின் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

சிறியதற்கு வருவோம். ஒரு சிறிய பையன் என்றால் லீத்தென். ஒரு சிறிய வீடு என்றால் லீத்தெத். அந்தச் சிறிய வீடு என்றால் லில்லா. வீடுகள் பலவானால் ஸ்மோ. கடைசிச் சொல்லைப் பார்த்து முதல் சொல்லை யாராலும் ஊகிக்க முடியாது. ஆகவே ஸ்மோவுக்குத் தனிப்பதிவு வேண்டும். என் அகராதியில் இல்லை. ‘ஸ்மால்’ என்றும் ஒரு ஸ்வீடிஷ் சொல் உண்டு. தமிழில் எழுதினால் ஆங்கிலத்தின் ‘ஸ்மால்’ போலவேதான் வரும். ஆனால் அதற்கு ஒடுக்கமானது, ஒல்லியானது என்று பொருள். இங்கும் எச்சரிக்கை கிடையாது.

மைலுக்கு ‘மீல்’ என்று போட்டுவிட்டுப் போயிருப்பதையும் மன்னிக்க முடியாது. ஆங்கில மைல் 1.6 கிலோமீட்டர், ஸ்வீடனின் மீல் 10 கிலோமீட்டர். ஏரி இரண்டு மீல் தொலைவு என்று ஒருவர் சொன்னதை நம்பிக் குழந்தையோடு நடக்கக் கிளம்பியவனுக்குத்தான் அந்த வேறுபாடு தெரியும்.

‘கான்ஸ்கா’ என்ற சொல்லில் ஏற்பட்டதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஆங்கிலத்தில் ‘குவைட்’ என்பதற்கு ஓரளவு என்றும் பொருள் உண்டு, முழுக்க என்றும் பொருள் உண்டு. அகராதி அதற்கு எதிரே கான்ஸ்கா என்று மட்டும் போட்டிருக்கிறது. கான்ஸ்காவுக்கு இன்று ஓரளவு என்ற பொருள் மட்டுமே. பழைய ஸ்வீடிஷில் அதுவே மிக என்ற பொருளில் வழங்கியது, காலப்போக்கில் இறங்கிவிட்டது. அடுத்த வீட்டு மூதாட்டி தம் கையால் செய்த இலவங்கப்பட்டை ரொட்டியைச் சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார். அகராதியை நம்பி, கான்ஸ்கா நன்றாக இருக்கிறது என்றேன். ‘பரவாயில்லை’ என்று சொன்னதற்குச் சமம். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

ஆனாலும் இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிய மனம் வந்ததில்லை. ‘மிக்கெத்’ என்ற சொல்லை இதில்தான் முதலில் கண்டேன். பேச்சில் கடைசி ஒலி தேய்ந்து ‘மிக்கெ’ என்றே காதில் விழும். பொருள் என்ன? மிக! ‘தக் ஸோ மிக்கெ’ என்றால் மிக்க நன்றி. இரு மொழிகளுக்கும் உறவு ஏதும் இல்லை, தற்செயல் ஒற்றுமைதான். இருந்தாலும் ஊரை விட்டு வந்த முதல் குளிர்காலத்தில் டிராமில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது ‘லாகோம்’. ஆங்கிலப் பகுதியிலிருந்து தேடினால் அகப்படாது. ஸ்வீடிஷ் பகுதியில் போதுமானது, மிதமானது, சரியானது என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தடவுகிறார்கள். அதே மூதாட்டி என் காப்பியில் பாலை ஊற்றிக்கொண்டே, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், ‘லாகோம்?’ என்று கேட்டபோதுதான் விளங்கியது. அளவாக! நம் வீட்டில் குழம்பு ஊற்றும்போது சொல்வோமே, அதே அளவாக. மது நிறைந்த கொம்பு, பழங்கால வடநாட்டுக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கூட்டத்தில் கைமாறி வரும்போது, அனைவருக்கும் போதும்படி ஒவ்வொருவரும் அளவாகக் குடித்ததிலிருந்து இச்சொல் பிறந்தது என்று இங்கே கதை சொல்வார்கள். உண்மையில் சட்டம், வழக்கம் என்று பொருள்படும் ‘லாக்’ என்ற சொல்லின் பழைய வேற்றுமை உருவம் அது. முறைப்படி அமைந்தது என்று பொருள். ‘லாகோம் ஏர் பெஸ்ட்’, அளவாக இருப்பதே சிறப்பு என்பது அவர்களின் பழமொழி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆங்கிலத்தை நடுவில் வைத்ததால்தான் இத்தனை நாள் பிடிபடவில்லை. அதற்கு நேராக ‘அளவாக’ என்று பென்சிலால் எழுதிய அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை வேறெந்த அகராதியும் தந்ததில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம், பாதி விலையிலும் வேண்டாம். ஸ்வீடிஷ் அகாதமியின் அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைக்கு ஒன்று வேண்டுமென்றால் என்னுடையதை எடுத்துப்போங்கள். உயரம், சிறியது, ஓரளவு எல்லாவற்றுக்கும் ஓரத்தில் திருத்தம் எழுதிவைத்திருக்கிறேன். ‘எல்’ பக்கங்கள் கழன்று வருகின்றன, மெதுவாகப் புரட்டுங்கள். ஏப்ரலுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும்.