ரஷ் குழுவின் சிக்னல்ஸ்: கிட்டாரைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்?

கனடிய ராக் குழுவான ரஷ்ஷின் சிக்னல்ஸ் எல்பியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாடி, பேஸும் கீபோர்டும் வாசிக்கும் கெடி லீயும் கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் லைஃப்சனும் டிரம்மர் அனிகா நில்லஸைச் சேர்த்துக்கொண்டு 2026இல் மறுபடி மேடையேறப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள் இல்லையா, அதிலிருந்து ரஷ் இசைத்தட்டுகளைத் தேடிக் கிளம்பியவர்களில் இவரும் ஒருவர். ரஷ்ஷின் மூவிங் பிக்சர்ஸ் ஆல்பத்தைக் கேட்டுச் சொக்கிப்போயிருக்கிறார். வரிசைப்படி அடுத்தது 1982 செப்டம்பரில் வந்த சிக்னல்ஸ். ஆனால் விசாரித்த ரசிகர்களில் பாதிப் பேர் "அதோடு போச்சு" என்றார்களாம், மீதிப் பேர் "அதுக்கு மேல ஒண்ணு கிடையாது" என்றார்களாம். குழம்பிப்போய் என்னிடம் வந்தார். ஒரு வரியில் பதில் சொல்லலாம்தான். ஆனால் பல வருடங்களாக, முதலில் கேசட்டில், அப்புறம் சிடியில், இப்போது எல்பியில் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் ஆல்பம் இது, அதன்மேல் எனக்கு இருக்கும் பிரியமும் கோபமும் ஒரு வரிக்குள் அடங்காது.

முதலில் கிட்டார் கட்சிக்காரர்களுக்கு. சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கீபோர்டு, சுருக்கமாக சிந்த்) வந்து ரஷ்ஷைக் கெடுத்துவிட்டது என்கிறீர்கள். எப்போது வந்தது? 1976இல் 2112 என்ற ஆல்பத்தின் ஆரம்பத்திலேயே ஹியூ சைம் ஆர்ப் சிந்த் வாசித்திருக்கிறார், சிக்னல்ஸ் அட்டையில் தீயணைப்புக் குழாயை மோந்து பார்க்கும் அந்தப் புள்ளி நாயை வடிவமைத்த அதே ஹியூ சைம். 1977இல் எ ஃபேர்வெல் டு கிங்ஸ் வந்தபோதே கெடி லீ மினிமூக் சிந்தும் காலால் வாசிக்கும் டாரஸ் பேஸ் பெடலும் வைத்துக்கொண்டுவிட்டார். நீங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மூவிங் பிக்சர்ஸின் டாம் சாயர் பாட்டு எதில் ஆரம்பிக்கிறது? ஓபர்ஹைம் சிந்தின் அந்த உறுமலில். அதை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? ஆகவே சிந்த் வந்ததுதான் குற்றம் என்ற பேச்சை விட்டுவிடலாம்.

என் புகார் வேறு. சிந்த் இருப்பது பிரச்சினை இல்லை, கிட்டாரை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள் என்பதுதான் பிரச்சினை. சிக்னல்ஸின் முதல் பாட்டான சப்டிவிஷன்ஸைப் போட்டுப் பாருங்கள். ஏழு ஏழாக எண்ணிக்கொண்டு போகும் அந்த கீபோர்டு, ரஷ் எழுதியதிலேயே மிகச் சிறந்த தொடக்கங்களில் ஒன்று என்று நான் எங்கும் சொல்வேன். டொரொண்டோவின் புறநகரான வில்லோடேலில் வளர்ந்த இரண்டு பேர் வாசிக்க, ஒரே மாதிரி வீடுகளும் ஒரே மாதிரி பள்ளிக்கூடங்களும் ஒரு பையனை எப்படி நசுக்கும் என்று குழுவின் டிரம்மரும் பாடலாசிரியருமான நீல் பியர்ட் எழுதியிருக்கிறார். அந்த வெறுமைக்கு சிந்தின் குளிர்ந்த சத்தம்தான் சரி, கரகரக்கும் டிஸ்டார்ஷன் கிட்டாரில் அது வந்திருக்காது. இதெல்லாம் சரி. ஆனால் பல்லவிக்கு முந்தைய வரிகளில் அலெக்ஸ் ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) விரித்து, சத்தத்தை அகலமாக்கும் கோரஸ் எஃபெக்ட் போட்டு, திறந்த தந்திகளை அதிரவிட்டு வாசிப்பதைக் கேட்க முயலுங்கள். இருக்கிறது. ஆனால் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது அடுத்த அறையில் யாரோ பேசுவது மாதிரி இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது அதுதான். கூட்டினாலோ சிந்தும் கூடவே வந்து காதில் ஏறுகிறது.

இதற்குக் காரணம் புரியாத மர்மம் ஒன்றுமில்லை. அலெக்ஸின் கிட்டார் எப்போதும் தடிமனான ஒற்றை ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கு) மட்டும் கிடையாது. மூன்று பேர் குழுவில் இரண்டாவது கிட்டார் இல்லாத குறையை நிரப்ப, அகலமான, மணி அடித்தது போல் நீளும் கார்டுகளை அவர் உருவாக்கினார். அந்தக் கார்டுகள் உட்காரும் நடு அலைவரிசையும், ஓபர்ஹைமில் ஒரு கார்டை அழுத்திப் பிடித்தால் நிரம்பும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டில் ஒன்று வழிவிட வேண்டும். சிந்த் ஓயாமல் ஒலிக்கும், கிட்டார் மெல்லத் தேய்ந்து அடங்கும். ஆக, மிக்ஸிங்கில், அதாவது எல்லா ஒலிகளையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, யாராவது வேண்டுமென்றே கிட்டாரைக் காப்பாற்றவில்லை என்றால் அது தானாகவே முழுகிவிடும். இங்கே காப்பாற்றவில்லை. கியூபெக்கில் மோரின் ஹைட்ஸ் என்ற ஊரில் இருந்த லெ ஸ்டுடியோவில், இரண்டாவது ஆல்பத்திலிருந்து கூடவே இருந்த தயாரிப்பாளர் டெர்ரி பிரவுனோடு, மூவிங் பிக்சர்ஸ் செய்த அதே இடத்தில் அதே ஆட்களோடு செய்தும் இப்படி ஆனது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கிட்டாரைப் பின்னால் தள்ளியதில் தனக்கு வருத்தம் என்று அலெக்ஸே பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கே வருத்தம் என்றால் நான் எதற்காக இதை "கலை முடிவு" என்று ஒப்புக்கொள்ள வேண்டும்?

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது பாட்டு தி அனலாக் கிட். கிட்டாரும் பேஸும் சேர்ந்து மூச்சுவிடாமல் ஓடும் ரிஃப், திடீரென்று பல்லவியில் வேகம் பாதியாகி, சிந்த் கோரஸ் வானம் திறந்த மாதிரி விரிகிறது. கிட்டாருக்கும் சிந்துக்கும் தனித்தனி இடம் கொடுத்தால் இரண்டும் எப்படி ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து ரஷ்ஷிலேயே இல்லை. அதில் வரும் கிட்டார் சோலோ, அலெக்ஸ் உள்ளே அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது போல இருக்கும், ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது. இந்தப் பாட்டு ஒன்று போதும், சிக்னல்ஸை வெறுக்கிறேன் என்பவரிடம் வாதாட.

அப்புறம் லூசிங் இட். இதைப் பற்றி எழுதாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதவே கூடாது. கால் ஒத்துழைக்காமல் போன நடனக்காரி ஒருத்தி, வார்த்தை வற்றிப்போன எழுத்தாளர் ஒருவர், இரண்டு பேர்தான் பாட்டில் வருகிறார்கள். எஃப்எம் என்ற இசைக்குழுவின் பென் மிங்க் வந்து எலெக்ட்ரிக் வயலின் வாசித்திருக்கிறார். ஐந்து ஐந்தாக நகரும் அந்தத் தாளத்தின் மேல் வயலின் சோலோ ஏற ஏற, அது அழுகையா கோபமா என்று பிரிக்க முடியாது. கிட்டார் இங்கே வயலினுக்காகத் தானே விலகி நிற்கிறது, யாரும் அதைத் தள்ளவில்லை, அந்த வித்தியாசம் காதுக்கு நன்றாகத் தெரிகிறது. நீல் பியர்ட் இதை எழுதும்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கைக்குள் இருக்கும் திறமை ஒருநாள் விட்டுப் போகும் என்று அந்த வயதில் எழுத முடிந்திருக்கிறது. பாட்டை மேடையில் அவர்கள் வாசிக்கவே இல்லை, 2015இல் ஆர்40 சுற்றுப்பயணம் வரும்வரை. டொரொண்டோ நிகழ்ச்சியில் பென் மிங்க்கே வந்து வாசித்தார். அந்தச் சுற்றுப்பயணமே பியர்டுக்குக் கடைசியானது, தோளும் தசைநாண்களும் வலிக்க வலிக்க வாசித்து முடித்தார். 2020 ஜனவரி 7 அன்று போய்விட்டார். அதற்குப் பிறகு இந்தப் பாட்டை வேறு வேலை செய்துகொண்டு பின்னணியில் ஓடவிட என்னால் முடிவதில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கெமிஸ்ட்ரி, மூன்று பேரும் சேர்ந்து வரி எழுதியது, சுமார். டிஜிட்டல் மேன், ரெகே கலந்தது, டெர்ரி பிரவுனுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, குழுவோடு உரசல் வந்த இடங்களில் இதுவும் ஒன்று. எனக்கு இதில் கெடியின் பேஸ் போதும், வேறெதுவும் வேண்டாம். தி வெப்பன், பயத்தைப் பற்றிய பாடல் வரிசையில் ஒன்று, ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, நான்கில் முடித்திருக்கலாம். கவுன்ட்டவுன், 1981 ஏப்ரல் 12 அன்று கொலம்பியா விண்கலம் முதல்முறை கிளம்பியதை நேரில் பார்த்துவிட்டு எழுதியது. விண்வெளி வீரர்களின் நிஜமான ரேடியோ பேச்சு நடுவில் வரும்போது சிறு பையன் போல ஆகிவிடுகிறேன். ஆனால் ராக்கெட் கிளம்புகிற இடத்தில்கூட கிட்டார் இடி இடிக்க வேண்டாமா? அங்கேயும் சிந்த்.

நியூ வேர்ல்ட் மேனை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆல்பம் முடிகிற நேரத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் இடம் மிச்சம். கேசட்டில் இரண்டு பக்கமும் நீளம் ஒத்துப் போக வேண்டிய காலம். அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் 'பிராஜெக்ட் 3:57' என்று பெயர் வைத்து அவசரமாக எழுதி அவசரமாகப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் 21ஆம் இடம் வரை போய், அங்கே ரஷ்ஷின் ஒரே டாப் 40 பாட்டு என்று ஆனது. போட்டுக் கேளுங்கள், கிட்டார் பளிச்சென்று முன்னால் நிற்கிறது! சிந்த் அடியில் ஓடுகிறது, கிட்டார் மேலே வெட்டி வெட்டிப் போகிறது, இரண்டுக்கும் சண்டையே இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: அடுக்கின்மேல் அடுக்காகப் பூசிக்கொண்டு போக இந்தப் பாட்டில் அவர்களுக்கு நேரமில்லை, அதனால்தான் பிழைத்தது. மற்ற ஏழையும் இப்படியே விட்டிருந்தால் இந்தச் சண்டையில் பாதி நடந்திருக்காது.

இனி கீபோர்டு கட்சிக்காரர்களுக்கு. "கிட்டார் இங்கே ஒரு நிறம் மட்டும்தான், அதை முன்னால் எதிர்பார்ப்பதே தப்பு" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நிறம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எண்பதுகளில் நிறைய குழுக்கள் இந்தப் பக்கம் வந்தன. எழுபதுகளின் அட்டைகளில் சிந்தசைசர் இல்லை என்று பெருமையாக அச்சிட்டுக்கொண்ட குயீன்கூட 1980இல் தி கேம் ஆல்பத்தில் அதைத் தொட்டது, 1982இல் ஹாட் ஸ்பேஸ் வந்தபோது அவர்கள் ரசிகர்களும் அடித்துக்கொண்டார்கள். மாறியதில் தப்பே இல்லை. மூவிங் பிக்சர்ஸ் 2 என்று ஒன்றைச் செய்து அவர்கள் காசு பார்த்திருந்தால் நான்தான் முதலில் திட்டியிருப்பேன். ஆனால் மாறும்போது, உலகத்தில் வேறு எவர் கையிலும் வராத ஒரு கிட்டார் சத்தம் தன் குழுவிலேயே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. குழுவே அதை உணர்ந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சிக்னல்ஸோடு டெர்ரி பிரவுனைப் பிரிந்தார்கள், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் வருவதாகச் சொல்லிக் கடைசி நேரத்தில் விலக, பீட்டர் ஹெண்டர்சனை வைத்து 1984இல் கிரேஸ் அண்டர் பிரஷர் செய்தார்கள். சிந்த் அதிலும் குறைவில்லை, ஆனால் அலெக்ஸின் கிட்டார் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

எல்பியா சிடியா என்ற கேள்விக்கு என் அனுபவம் இவ்வளவுதான். எல்பியில் டாரஸ் பெடலின் அடிச்சத்தம் இன்னும் உருண்டையாக இருக்கிறது, டிரம்ஸ் காற்றோட்டமாக இருக்கிறது. ஆனால் மிக்ஸ் ஒன்றுதானே, ரீமாஸ்டர் எத்தனை வந்தாலும் கிட்டார் அந்தப் பக்கத்து அறையை விட்டு வெளியே வரப்போவதில்லை. 2023இல் வந்த 40ஆம் ஆண்டுப் பதிப்பில் அட்மாஸ் (சுற்றிலும் ஒலிக்கும்) கலவையும் உண்டு, அதைக் கேட்கும் வசதி என் வீட்டில் இல்லை.

இத்தனை புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முரண்தான், ஆனாலும் சொல்கிறேன்: நண்பரே, இப்போதைக்கு வாங்க வேண்டாம். தி அனலாக் கிட்டையும் லூசிங் இட்டையும் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் காசு இருந்தால் முதலில் கிரேஸ் அண்டர் பிரஷர், அடுத்து கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ் டூர் என்ற நேரடிப் பதிவு. 2012இல் பதிவானது, சப்டிவிஷன்ஸில்தான் ஆரம்பிக்கும், தி அனலாக் கிட்டும் உண்டு. அதே கீபோர்டு, அதே ஏழு எண்ணிக்கை, ஆனால் அலெக்ஸ் முதல் கார்டை அடித்த கணமே அது அவர் பாட்டும்தான் என்று தெரிந்துவிடும். 1982இலேயே நமக்கு வந்திருக்க வேண்டியது அது.